பள்ளத்தை மூடும் முன்: தெருவில் நடக்கும் சாலை, பாதாளக் குழாய்ப் பணிகளை மாநகராட்சி கண்காணிக்க வைப்பது எப்படி?

புதுத் தார் போட்டுச் சூடு ஆறியிருக்காது, குடிநீர்க் குழாய்க்கென்று ஒரு பக்கம் வெட்டுவார்கள். அதை மண்ணள்ளி மூடிவிட்டுப் போனதும் மின் கேபிளுக்கென்று மறுபக்கம். பிறகு இணையக் கேபிள், மழைநீர் வடிகால், எரிவாயுக் குழாய் என்று வரிசையாக வரும். முதல் பெருமழையில் வெட்டிய இடமெல்லாம் உள்வாங்கும். சென்னையிலும் அதை ஒட்டிய தாம்பரம், ஆவடி மாநகராட்சிகளிலும் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நாம் புகார் செய்யாமல் இருப்பதில்லை. ஆனால் பெரும்பாலும் பள்ளத்தை மூடிய பிறகுதான் செய்கிறோம், அதுவும் தோண்டிய துறையிடம் மட்டும். அந்த நேரத்தில் குழாய் எவ்வளவு ஆழத்தில் போனது, அடியில் மணல் பரப்பினார்களா, மண்ணை இறுக்கினார்களா என்று எந்தப் பொறியாளராலும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: யார் தோண்டினாலும் சாலையின் சொந்தக்காரரான உள்ளாட்சியைப் பிடியுங்கள், பள்ளம் திறந்திருக்கும்போதே பிடியுங்கள்.

முதலில், யாருடைய சாலை, யாருடைய பள்ளம்?

உங்கள் உட்புறத் தெரு பெரும்பாலும் மாநகராட்சி அல்லது நகராட்சியுடையது. பேருந்து ஓடும் சாலைகள் சிலவற்றைச் சென்னை மாநகராட்சியின் பேருந்துத் தட சாலைகள் துறை பராமரிக்கிறது, சிலவற்றை மாநில நெடுஞ்சாலைத் துறை பராமரிக்கிறது. வார்டு உதவிப் பொறியாளரிடம் கேட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

பள்ளத்தின் சொந்தக்காரர் வேறு. சென்னையில் குடிநீரும் பாதாள சாக்கடையும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் கையில். 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான தனி அமைப்பு அது, மாநகராட்சியின் துறை கிடையாது. மின் கேபிள் மின் பகிர்மானக் கழகத்தினுடையது. மழைநீர் வடிகால் மாநகராட்சியினுடையது. இணையக் கேபிளும் எரிவாயுக் குழாயும் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களுடையவை.

பள்ளத்தைத் தோண்டுவது இவர்களில் ஒருவருடைய கான்ட்ராக்டர். பள்ளத்தில் இறங்குபவர் அந்தக் கான்ட்ராக்டர் அழைத்து வந்த தொழிலாளி. அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. அவர் கையில் வரைபடம்கூட இருக்காது.

இத்தனை பேர் இருந்தாலும் மாநகராட்சிச் சாலையை வெட்ட மாநகராட்சியின் அனுமதி வேண்டும். எந்தத் தெரு, எவ்வளவு நீளம், என்ன அகலம், தார்ச் சாலையா சிமென்ட் சாலையா என்று குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கேற்ற சீரமைப்புக் கட்டணத்தை மாநகராட்சி கணக்கிட்டு வாங்கிக்கொண்டு, தேதியும் நிபந்தனைகளும் போட்டு அனுமதி ஆணை தரும். ஆக, "அது வாட்டர் போர்டு வேலை சார், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று மாநகராட்சி அலுவலகத்தில் யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். அனுமதி தந்தவருக்கு நிபந்தனையைக் காக்கும் பொறுப்பும் உண்டு.

தோண்டுவதற்கு முன்

தெருவில் சுண்ணாம்புக் கோடு போடுவதும், குழாய்களை இறக்கி வைப்பதும், ஜேசிபி வந்து நிற்பதும்தான் உங்களுக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு. அன்றே தளத்தில் இருக்கும் சூப்பர்வைசரிடம் போய்ப் பேசுங்கள். "சார், ரோடு கட் பர்மிஷன் காப்பி ஒண்ணு காட்டுங்களேன், போட்டோ எடுத்துக்கறேன்" என்று தன்மையாகக் கேட்டால் பெரும்பாலும் காட்டிவிடுவார்கள். அதில் மூன்றைப் பாருங்கள்: உங்கள் தெருப் பெயர் இருக்கிறதா, எத்தனை மீட்டர், எந்தத் தேதி வரை. பக்கத்துத் தெருவுக்கு வாங்கிய அனுமதியில் உங்கள் தெருவையும் சேர்த்து வெட்டுவது நடக்கிற விஷயம்தான். அனுமதியைக் காட்ட மறுத்தால் வார்டு உதவிப் பொறியாளருக்கு அங்கிருந்தே தொலைபேசியில் சொல்லுங்கள்.

அடுத்து, இப்போதுள்ள நிலையைப் பதிவு செய்யுங்கள். சாலை மட்டத்துக்கும் உங்கள் வாசல்படிக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து, டேப்பும் கதவு எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். சுற்றுச்சுவரில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதையும், இல்லையென்றால் விரிசலில்லாத சுவரையும் எடுங்கள். வேலை முடிந்ததும் சாலை உங்கள் வாசலைவிட மேலேறி நிற்கும்போது இந்தப் படம்தான் பேசும்.

மண்ணுக்கடியில் ஏற்கெனவே என்ன போகிறது என்று தோண்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்காகவே 2023 மார்ச் 22 அன்று மத்திய அரசு 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியைத் தொடங்கியது. தோண்டப்போகிறவர் அதில் இடத்தைப் பதிவு செய்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். சூப்பர்வைசரிடம் இதையும் கேளுங்கள். பதில் இல்லையென்றாலும், உங்கள் வீட்டு இணைப்புகள் எந்தப் பக்கம் வருகின்றன என்று தெரிந்த பழைய குடித்தனக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுச் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டச் செய்யுங்கள். எங்கள் பகுதியில் பலமுறை குழாயைக் காப்பாற்றியது அப்படிப்பட்ட சாக்பீஸ் கோடுதான்.

பள்ளம் திறந்திருக்கும் நாட்களில்

முழு வழிகாட்டியிலும் முக்கியமான கட்டம் இது.

முதலில் பாதுகாப்பு. 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் உயிரிழந்தார். இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டிய நாடா தடுப்பாகாது. சாலைப் பணிகள் நடக்கும் இடத்தில் எப்படிப்பட்ட தடுப்பு, எச்சரிக்கைப் பலகை, இரவு விளக்கு வேண்டும் என்று இந்திய சாலைக் குழுமத்தின் 'எஸ்பி 55' வழிகாட்டி விரிவாகச் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198-ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் விதித்த பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காமல் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரிக்கோ கான்ட்ராக்டருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். புகாரில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். அதைப் படிக்கிற அதிகாரி தடுப்பு வைக்கச் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரியாத இடத்தில் பள்ளம் இருந்தால் அன்றிரவே சென்னை மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் புகார் செய்யுங்கள், காலைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டாவது, பள்ளத்தின் பக்கங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல் அதிகம், நிலத்தடி நீரும் மேலேயே இருக்கும். பலகை அடைத்து முட்டுக் கொடுக்காமல் ஆழமாகத் தோண்டினால் சரிந்துவிடும். உள்ளே இருக்கும் தொழிலாளியின் கதி என்ன ஆகும்? தோளுக்கு மேல் ஆழமான பள்ளத்தில் முட்டு இல்லாமல் ஆள் இறங்கியிருப்பதைக் கண்டால், "அண்ணே, மேலே வந்துடுங்க" என்று சொல்லுங்கள். சூப்பர்வைசரிடம் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் தெருவின் தரத்தைவிட இது முக்கியம்.

மூன்றாவது, ஆழம். குறைந்த அழுத்த மின் கேபிளும் வீடுகளுக்குப் பிரியும் குடிநீர்க் குழாயும் சுமார் 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை ஆழத்தில் போக வேண்டும் என்பது இந்திய சாலைக் குழுமத்தின் 98-ஆம் எண் வழிகாட்டி. அரை அடியில் கேபிளைப் போட்டு மூடிவிட்டுப் போனால், அடுத்து வரும் ஜேசிபியின் முதல் கடியிலேயே அறுந்துவிடும். மின் கேபிள் என்றால் ஆபத்தைச் சொல்லவே வேண்டாம். பள்ளத்துக்குள் இறங்காமல், விளிம்பிலிருந்தே ஒரு டேப்பைத் தொங்கவிட்டுப் படம் எடுங்கள்.

நான்காவது, மண் நிரப்புதல். தெரு உள்வாங்குவதற்கு முதல் காரணம் இதுதான். முறையான வேலையில் குழாய்க்கு அடியிலும் சுற்றிலும் மணல் பரப்பி, அதன் மேல் சுமார் 15 முதல் 20 செ.மீ. கனத்துக்கு ஓர் அடுக்கு மண் போட்டு, தண்ணீர் தெளித்து, இயந்திரத்தால் இடித்து இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கு போட வேண்டும். நடப்பது என்ன? தோண்டிய களிமண்ணையும் உடைந்த தார்க்கட்டியையும் ஜேசிபியால் ஒரே தள்ளாகத் தள்ளி, மேலே வண்டிச் சக்கரத்தை இரண்டு முறை ஏற்றி இறக்குகிறார்கள். மேலே பார்க்க இறுகியதுபோல் இருக்கும். உள்ளே காற்றிடைவெளி இருக்கும். மழை நீர் இறங்கியதும் மண் படிந்து, மேலே போட்ட தார் அந்தரத்தில் நின்று உடையும்.

அந்த ஒரே தள்ளை வீடியோ எடுங்கள். இதைவிட வலுவான சான்று உங்களுக்குக் கிடைக்காது. கூடவே, நிரப்பிய மண்ணின் இறுக்கத்தை அளக்கும் சோதனை நடந்ததா என்று உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மணல் மாற்று முறை என்று ஒன்று உண்டு. சிறு குழி எடுத்து, அந்த மண்ணை எடை போட்டு, குழியை அளவு தெரிந்த மணலால் நிரப்பிக் கணக்கிடுவார்கள். தளத்திலேயே செய்துவிடலாம். இறுக்கம் தெரிய இரும்புக் கம்பியைக் குத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கீழே உயிருள்ள மின் கேபிள் இருக்கலாம்.

பாதாள சாக்கடை என்றால் இன்னும் கொஞ்சம் கவனம்

குடிநீர் அழுத்தத்தில் ஓடும். கழிவுநீர் சரிவில்தான் ஓடும். குழாய் ஓரிடத்தில் தொய்ந்துவிட்டால் அங்கே கசடு தங்கி, சில மாதங்களில் உங்கள் வீட்டுக் கழிவறையில் எதிரேறும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய, எளிய சோதனை இருக்கிறது. ஒரு மேன்ஹோலில் விளக்கும் அடுத்த மேன்ஹோலில் கண்ணாடியும் பிடித்துப் பார்ப்பது. குழாய் நேராக இருந்தால் கண்ணாடியில் முழு வட்டமாக வெளிச்சம் தெரியும். வட்டத்தின் அடியோ பக்கமோ வெட்டுப்பட்டுத் தெரிந்தால் குழாய் தொய்ந்திருக்கிறது, அல்லது உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. இணைப்புக் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைக் குடியிருப்போர் முன்னிலையில் செய்யக் கோரிக் கடிதம் கொடுங்கள். கழிவுநீர் ஓடத் தொடங்கிய பிறகு செய்ய முடியாது.

மேன்ஹோல் மூடி சாலை மட்டத்தோடு ஒன்றி இருக்க வேண்டும். குழாய் வேலை முடித்தவர்கள் ஒரு மட்டம் வைப்பார்கள், தார் போடுபவர்கள் இன்னொரு மட்டத்தில் போடுவார்கள். மூடி ஒன்று பள்ளத்தில் கிடக்கும், அல்லது மேடாக நிற்கும். இரு சக்கர வாகனத்தில் வருபவருக்கு இரண்டும் எமன்.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள்: பயன்பாட்டில் இருக்கும் கழிவுநீர்த் தொட்டியிலோ மேன்ஹோலிலோ பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது. கையால் கழிவகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. புது லைனைப் பழைய லைனோடு இணைக்கும் நாளில்தான் இது அதிகம் நடக்கிறது. அன்று தெருவில் இருங்கள்.

தோண்டிய பின் உங்கள் குழாயில் தண்ணீர் கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்தால் சம்ப்பில் ஏற்றாமல் நிறுத்திவிட்டு, சென்னைக் குடிநீர் வாரியத்தின் புகார் எண்ணான 1916-க்குப் புகார் செய்யுங்கள். குளோரின் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். குழாய் முனையில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் கழிவுநீர் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

சாலையைத் திரும்பப் போடும்போது

தார் போடுவதற்கு முன் பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்திருக்க வேண்டும். மில்லிங் என்பது இதைத்தான். அடுக்கடுக்காகத் தார் போட்டு வீடுகள் தாழ்ந்துபோவதைத் தடுக்க, சுரண்டிய பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். நீங்கள் முன்பே எடுத்து வைத்த வாசல்படி அளவு இங்கேதான் உதவும். தார்க்கலவை கொட்டும்போது வெப்பம் குறைந்திருக்கக் கூடாது. வழக்கமான விஜி-30 ரகத் தார் என்றால் பரப்பும்போது 140 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. லாரி வந்ததும் வெப்பமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தூறலில், ஈரத் தரையில் போட்டால் உடனே படம் எடுத்து அனுப்புங்கள். சிமென்ட் சாலை என்றால் தண்ணீர் கட்டி வைக்கிறார்களா என்று பாருங்கள், அது போதும்.

புகாரை எப்படி எழுதுவது

1913-இலும் 'நம்ம சென்னை' செயலியிலும் புகார் எண் கிடைக்கும். அந்த எண் முக்கியம். ஆனால் அதோடு நிறுத்தினால், பள்ளத்தில் ஒரு கூடை ஜல்லியைக் கொட்டிவிட்டு "தீர்க்கப்பட்டது" என்று முடித்துவிடுவார்கள். கூடவே எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, அலுவலக முத்திரையோடு நகலைத் திரும்ப வாங்குங்கள். வார்டு உதவிப் பொறியாளருக்கு முகவரியிட்டு, செயற்பொறியாளருக்கும் மண்டல அலுவலருக்கும் தோண்டும் துறையின் பகுதி அலுவலகத்துக்கும் நகல் அனுப்புங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, ___ மண்டலம், ___ வார்டு, ___ தெருவில் கதவு எண் ___ முதல் ___ வரை சுமார் ___ மீட்டர் நீளத்துக்கு ___ துறைக்காகச் சாலை வெட்டப்பட்டுள்ளது. பள்ளத்தின் மண் அடுக்கடுக்காக இறுக்கப்படாமல் ___ அன்று ஒரே தடவையில் நிரப்பப்பட்டது. படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. புகார் எண் ___. நிரப்பிய மண்ணை அகற்றி முறையாக நிரப்பவும், தார் போடும் முன் தாங்கள் நேரில் ஆய்வு செய்து அந்த ஆய்வுக் குறிப்பின் நகலைத் தரவும் கேட்டுக்கொள்கிறோம்."

ஐந்தாறு வீட்டாரின் கையெழுத்து போதும். கடிதத்தில் கோபமான வரிகள் வேண்டாம். மீட்டரும் தேதியும் கதவு எண்ணும் இருந்தால் யாராலும் ஒதுக்க முடியாது. சென்னைக்கு வெளியே உள்ளவர்கள் முதலமைச்சர் உதவி மைய எண் 1100-ஐயும் பயன்படுத்தலாம். மின் கேபிள் வெளியே தெரிந்தால் மின் புகார்களுக்கான மின்னகம், 94987 94987. எரிவாயு வாடை அடித்தால் புகார் எழுதிக்கொண்டிருக்காமல் அடுப்பை அணைத்து, எல்லோரையும் அந்த இடத்தைவிட்டு நகர்த்தி, தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

யாரும் அசையவில்லை என்றால்

கவுன்சிலரிடம் போங்கள், வெறும் முறையீடாகப் போகாமல் கடித நகலோடு போங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் எழுப்புங்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தமிழக நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. கிராமங்களில் கிராம சபை எப்படியோ, நகரத்தில் இது அப்படி. தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அடுத்த ஆயுதம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மண்டலப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தகவல் வேறு துறையிடம் இருந்தால் ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். இவற்றைக் கேளுங்கள்: சாலை வெட்டு அனுமதி ஆணை, வசூலித்த சீரமைப்புக் கட்டணம், ஒப்பந்தத்தின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (பழுதைக் கான்ட்ராக்டரே தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம்) எந்தத் தேதியில் முடிகிறது, தரச் சோதனை அறிக்கைகள், எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் அந்தத் தெருவுக்கான பக்கங்கள்.

எம்-புக்கை அழுத்திக் கேளுங்கள். கான்ட்ராக்டருக்குப் பணம் போவது அதில் எழுதிய அளவுக்குத்தான். அதில் 1 மீட்டர் ஆழம் என்று எழுதியிருந்து, உங்கள் படத்தில் டேப் 40 செ.மீ. காட்டினால், பிறகு நீங்கள் வாதாட வேண்டியதே இல்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: அதே சட்டத்தின் 2(ஜெ) பிரிவு ஆவணம் கேட்கும் உரிமையோடு, பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. பள்ளம் திறந்திருக்கும்போதே பணி ஆய்வு கேட்டு மனு போட்டால், பதில் வருவதற்குள் மூடிவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் மனு போய்ச் சேர்ந்த தெருவில் வேலை எப்படி மாறுகிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பதில் வராவிட்டால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

முறைகேடு என்று சான்றோடு சொல்ல முடிந்தால், உள்ளாட்சிகள் மீதான புகார்களை விசாரிக்கும், 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படியான உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்குப் போகலாம். உயிருக்கு ஆபத்தான பள்ளமோ தெருவில் ஓடும் கழிவுநீரோ என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்கீழ், பொதுத் தொல்லையை அகற்றக் கோரி மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவுதான் இது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகர மக்கள் திறந்த சாக்கடையைச் சகிக்க முடியாமல் அந்தப் பிரிவைத்தான் பிடித்தார்கள். பணமில்லை என்று நகராட்சி சொன்ன சமாதானத்தை உச்ச நீதிமன்றம் 1980-இல் ஏற்க மறுத்தது.

நாள்காட்டியில் குறிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதை ஒட்டிச் சாலை வெட்டுக்கு மாநகராட்சி வழக்கமாகத் தடை போடும். செப்டம்பர் கடைசியில் அவசர அவசரமாகத் தோண்டி அரைகுறையாக மூடுவது அதனால்தான். அந்த மாதம் முழுவதும் தெருவைக் கூடுதலாகக் கவனியுங்கள். திறந்த பள்ளம் எதுவும் அக்டோபருக்குள் போகக் கூடாது என்று ஆகஸ்டிலேயே கடிதம் கொடுங்கள்.

இரண்டாவது தேதி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் நாள். அதுவரை உள்வாங்கிய இடத்தைக் கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அவருடைய வைப்புத்தொகை மாநகராட்சியிடமோ தோண்டிய துறையிடமோ இருக்கும். மழை ஓய்ந்த ஜனவரியில் உதவிப் பொறியாளரையும் அழைத்துக்கொண்டு தெருவை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து, உள்வாங்கிய ஒவ்வோர் இடத்தையும் கதவு எண்ணோடு எழுதி, வைப்புத்தொகையை விடுவிக்கும் முன் இவற்றைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரே கடிதமாக இரண்டு துறைகளுக்கும் கொடுத்துவிடுங்கள்.